நாய்க்கு ஒரு தீபாவளிக் குளியல்

கல்லூரிக்குப் போனபோது மகள் தன் நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். "அப்பா, டேக் கேர் ஆஃப் ஹிம்" என்று அவள் சொன்னதை என் கணவர் ஏதோ பெரிய பதவி கிடைத்ததுபோல எடுத்துக்கொண்டார். நாயே வேண்டாம் என்று வருஷக்கணக்காகக் குதித்த அதே மனிதர்தான்.

அந்தத் தீபாவளிக்கு, வீட்டில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல் என்றால் இவனுக்கும்தான் என்று, நல்லெண்ணெய் காய்ச்சி நாய்க்குத் தலையிலிருந்து வால்வரை தேய்த்தார். சீயக்காய் போட்டு அலசினார். முந்தின நாள்தான் உண்ணி அண்டாமலிருக்க அவன் கழுத்தில் சொட்டு மருந்து விட்டிருந்தோம். அதுவும் சீயக்காயோடு போய்விடும் என்று எங்கள் மண்டையில் ஏறவில்லை.

நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் அது இலை கொட்டும் காலம். வாக்கிங் போனால் தெருவோரத்து இலைக் குவியல் ஒன்றுவிடாமல் புகுந்து புறப்படுவான். சில வாரங்களில் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தான். பிறகு படுத்தவன் எழுந்திருக்கவில்லை, சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இலைக் குவியலில் பதுங்கியிருக்கும் உண்ணி கடித்து வந்த காய்ச்சல் என்றார் டாக்டர். சிறுநீரகத்தைத் தொட்டிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். கழுத்தில் விட்ட மருந்து எப்படிப் போனது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

காரில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டார் அவர். திட்டுவதை விட்டுவிட்டு, திரும்பிப் பின்சீட்டில் கிடந்தவன் தலையைத் தடவினேன்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அதன் பிறகு இலைக் குவியல் பக்கமே அவனை விடுவதில்லை. வாக்கிங் முடிந்ததும் இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். மகளுக்கு நான் பேன் பார்த்த அதே சீப்பால் காது மடல், கக்கம், விரலிடுக்கு என்று வாரி வாரிப் பார்ப்பார். அவனும் மடியில் தலைவைத்துச் சொக்கிப்போய்க் கிடப்பான்.

அடுத்த தீபாவளி காலையில் இவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததும், யாரும் கூப்பிடாமலே வந்து அவர் எதிரில் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். இவர் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"போடா, உனக்குக் கிடையாது."

அவன் நகரவில்லை. வாலை மட்டும் ஆட்டினான்.

"நெத்தியில ஒரு சொட்டு வையுங்க, பரவாயில்ல. கழுத்துப் பக்கம் போகாதீங்க" என்றேன்.

விரல் நுனியில் எண்ணெய் தொட்டு வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவேயில்லை.