அம்புக்குறியை இழுத்த இன்னொரு கை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு என் மனைவி எங்கள் ஊரான கல்லடிக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். கொழும்பில் மகள் வீட்டில் தங்கினோம். மட்டக்களப்பில் நான் பொறுப்பாக இருந்த நிவாரண அலுவலகத்தின் லினக்ஸ் கணினியை அங்கிருந்தபடியே ரிமோட் டெஸ்க்டொப் மூலம் இயக்கினேன். அந்தத் திரை அப்படியே என் திரையில் தெரியும். நான் மவுஸை அசைத்தால் அங்கே அம்புக்குறி தானாக ஓடும். "சேர்ட பேய் வந்திட்டு, கதிரைய விடுங்க" என்று அலுவலகத்தில் சிரிப்பார்களாம். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்தக் கணினியில் நான் பூட்டிவைத்த கோப்புறை ஒன்று இருந்தது. அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களின் படங்கள். அலுவலகத்தில் எல்லாருமே யாரையாவது இழந்திருந்தார்கள். அவர்கள் தற்செயலாகப் பார்த்துவிடக்கூடாது என்று கடவுச்சொல்லை நான் மட்டும் வைத்துக்கொண்டேன்.

எங்கள் தட்டச்சாளரின் கணவர் மீன்பிடிப்பவர். கடல் வந்த அன்று காலை கடற்கரைக்குப் போனவர் திரும்பவில்லை. நான் கொழும்புக்குப் புறப்படும்போது அந்தப் பெண் வந்து நின்றார்.

"கையில மணிக்கூடு கட்டியிருப்பார் சேர். வார் அறுந்து, தூண்டில் போடுற தங்கூசி நூலாலதான் கட்டினது. அந்தப் படங்களுக்குள்ள ஒருக்காப் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. ஒரு படத்தைத் திறக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. பிறகு அவர் தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாம் பாத்தன் பிள்ள, அவர் அதுக்குள்ள இல்ல" என்றேன்.

அவர் சந்தோஷத்தில் அழுதார். அதன்பின் வவுணதீவு, ஏறாவூர் என்று முகாம் முகாமாகத் தேடினார். அப்பா எங்கேயோ இருக்கிறார் என்று தன் மகளிடமும் சொல்லிவைத்தார்.

ஒரு ஞாயிறு பின்னேரம். மாவட்டச் செயலகமான கச்சேரியின் அதிகாரிகள் அந்தப் படங்களின் பிரதியைக் கேட்டிருந்தார்கள். தெளிவில்லாதவற்றைக் கழித்துவிட்டு அனுப்பவேண்டும். இனித் தப்ப வழியில்லை. அலுவலகம் பூட்டியிருக்கும் என்று நினைத்துக் கோப்புறையைத் திறந்தேன். இணைப்பு மிக மெதுவானது. அங்கே உடனே முழுதாகத் தோன்றும் படம் என் திரையில் மேலிருந்து கீழே துண்டு துண்டாக இறங்கும்.

ஒரு படத்தில் நெற்றி மட்டும் வந்திருந்தது. அடுத்ததற்குப் போக முயன்றேன். அம்புக்குறி என் கைக்கு எதிராக ஓடி அதே படத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. இணைப்புக் கோளாறாக்கும் என்று மறுபடி தள்ளினேன். மறுபடி திரும்பியது. எரிச்சலில் மவுஸை மேசையில் தட்டினேன். அப்போது திரையில் ஒரு வெற்றுப் பக்கம் திறந்தது. ஆங்கில எழுத்துகளில் தமிழ், ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது.

"சேர், இதில விடுங்க."

முகாம்களுக்குத் தொலைபேசி எடுப்பதற்காகத் தட்டச்சாளர் அன்றைக்கும் அலுவலகம் வந்திருக்கிறார். படம் இறங்கிக்கொண்டே இருந்தது. கழுத்து, சட்டை, கடைசியாக மணிக்கட்டு. தங்கூசி.

"நீங்க பாத்தன் எண்டீங்களே" என்று அடுத்த வரி வந்தது.

நான் இணைப்பைத் துண்டித்தேன். கணவரின் படத்தோடு அவரைத் தனியே விட்டுவிட்டு ஓடினேன் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினேன். அவர் வீட்டுக்குப் போய், அன்று படங்களைப் பார்க்காமலே பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் தேத்தண்ணியை ஆற்றி என் முன்னே வைத்தார்.

"அது அண்டைக்கே விளங்கிட்டு. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலயும் அம்பு நிண்டு நிண்டுதான் போனது. முந்திப் பாத்த ஆள் அப்பிடிப் போகமாட்டார்."

"ஏன் பொய் சொன்னன் எண்டு கேக்கத்தானே அண்டைக்குப் போன் எடுத்தீங்க?"

"இல்ல சேர். நீங்க போனதும் திரை பூட்டிட்டு. படமும் போயிட்டு. அவரை எந்தக் கிடங்கில தாட்டுப் புதைச்சது எண்டு அதுலதான் நம்பர் போட்டிருந்தது. கடவுச்சொல் கேக்கத்தான் எடுத்தன். மறுகா கனநாள் கழிச்சு கச்சேரியில படத்தக் காட்டுற மட்டும், என்ட கண்ணுக்குத்தான் மாறிப்பட்டுதாக்கும் எண்டு நினைச்சன். திரும்பவும் முகாமுகளுக்குப் போனன்."

நான் தேத்தண்ணியைத் தொடவில்லை. இணைப்பு அறுந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி அமைத்தது நான்தான்.