அமலி மெக்ளின்டாக்கும் அவர் சேர்க்கச் சொன்ன பெயரும்

தனக்கு ரத்த உரிமை இல்லை என்று தானே கண்டுபிடித்த ஒரு குடும்பப் பெயரை ஒருவர் ஏன் சாகும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும்? அமலியிடமே மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வெவ்வேறு பதில் சொன்னார். எதுவும் எனக்குப் போதவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தது அமலியின் வீட்டார் இல்லை; பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் லூர்து. மெக்ளின்டாக்கை அவர் ‘மாக்கு’ என்பார்.

“மேடம், மாக்கு மேடம் நம்மள வுட்டுப் பூட்டாங்க. காலீல மீன் குடுக்கப் போனா கதவே தொறக்கல. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து ஒடச்சாங்க. தூக்கத்துலயே போயிருக்குது உயிரு.” கடைசியில், “அவுங்க தம்பிக்கு நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு,” என்றார்.

தகவலைச் சொல்லிவிட்டு அமலியின் அபிராமபுரம் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, மூன்று ஆண்டுகளாக அக்காவோடு பேசாத தம்பி சேவியர் வாசலில் நின்று எல்லோருக்கும் தொலைபேசியில் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் அமலி மெக்ளின்டாக் கண்காணிப்பாளராக இருந்த காலத்தை உங்களில் பலர் அறிவீர்கள். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட நகர்ந்ததில்லை. கறுத்த, குள்ளமான, எண்ணெய் வைத்துத் தலை வாரிய அந்தப் பெண்மணியின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்ப்பவர்களின் முகம் ஒரு கணம் குழம்பும். ஒரு முறை ஏதோ கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர் கேட்டே விட்டார்: “மேடம், நீங்க ஃபாரினா?”

“ஆமாங்க. பட்டினப்பாக்கம் ஃபாரின்.”

“இல்ல, பேரு வெள்ளைக்காரங்க பேரு மாதிரி…”

“ரேஷன் கார்டைப் பாருங்க சார். அதுல இந்தப் பேருக்கு அரிசிதான் குடுக்கறாங்க, ரொட்டி இல்ல.”

சரித்திரத் துறையில் அப்போது நான் புதிது. குடும்பப் பெயர்களின் பூர்வீகத்தைத் தேடுவது வேலையற்றவர்களின் கர்வம் என்பது என் எண்ணம். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. “கர்வந்தான். யார் இல்லைன்னா? ஆனா எந்தக் கர்வம்னு தெரிஞ்சுக்கிட்டுக் கர்வப்படணும்ல,” என்றார்.

அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை இது. ஸ்காட்லாந்தில் கோட்டையோடு வாழ்ந்த ஒரு வம்சம். அதன் வாரிசு ஒருவர் ராணுவத்தில் சென்னைக்கு வந்தார், இங்கே ஒரு பெண்ணை மணந்தார், அவர் மகன் அந்தோணி, அந்தோணியின் வழியில் இவர்கள். சேவியர் வீட்டுக் கூடத்தில் அந்தத் திருமணப் பதிவின் நகல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பக்கத்தில், இணையத்தில் வாங்கிய ஒரு வம்சச் சின்னம்.

அமலி முதலில் தேடியது ஸ்காட்லாந்தில்தான். பல ஆண்டுகள் கடிதம் எழுதினார். அந்தப் பெயரில் இங்கே வந்த சிப்பாய் யாரும் அங்கே அகப்படவில்லை. ஒரு நாள் மாலை மயிலாப்பூரில் ஒரு சிற்றுண்டிக் கடையில், தோசைக்குக் காத்திருந்த நேரத்தில், கைதுடைக்கும் தாளில் எனக்கு ஒரு படம் வரைந்து காட்டினார். இடப்பக்கம் அயர்லாந்து, வலப்பக்கம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை, நடுவே ஒரு கோடு.

“இந்தக் கடல் எவ்வளவு அகலம்னு நினைக்கறே? ரொம்பக் கிட்ட இருக்கற இடத்துல, நம்ம ஊர்லேர்ந்து கோவளம் போற தூரம்கூட இல்ல. படகுல போயிட்டு வர்ற தூரம். இந்தப் பேரு ஸ்காட்லாந்துல ஆர்கைல்ங்கற சீமையில பொறந்துச்சு. அங்கேர்ந்து கடல் தாண்டி அயர்லாந்துல டோனகல் போயிடுச்சு. நம்மாளு அங்கேர்ந்து வந்தவன். நான் லூசு மாதிரி இந்தப் பக்கமே தேடிக்கிட்டு இருந்தேன்.”

“டோனகலில் அவர்களுக்கு நிலம் எப்படிக் கிடைத்தது?” என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். அவர் சொல்கிறாரா என்று பார்த்தேன்.

“அயர்லாந்துக்காரங்க கிட்டேர்ந்து பிடுங்கின நிலத்துல வந்து குந்தினவங்களோட சேர்ந்தவங்க. அதையும் எழுதிக்கிட்டேன். நல்லதா மட்டும் எழுதறதுக்கு நான் என்ன கல்யாணப் பத்திரிகையா அடிக்கறேன்?”

அந்தப் பெயரின் பொருளையும் அன்றுதான் சொன்னார். ஒரு துறவியின் அடியானுடைய மகன். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கோட்டைங்கறான் சேவியர். வேலைக்காரன் புள்ளன்னு பேர்லயே எழுதியிருக்கு.” அந்தச் சீமையில் ஒரு தலைவனின் நிலத்தில் அண்டி வாழ்ந்தவர்களும் ரத்த சம்பந்தமில்லாமலே அவன் பெயரை எடுத்துக்கொண்டது உண்டு என்று நான் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது அவர் எதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அந்தோணியின் ஞானஸ்நானப் பதிவைத்தான் அந்தக் குடும்பத்தில் எவராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அமலியின் அப்பா தேடியிருக்கிறார். பிறகு அமலி தேடினார். சிப்பாயின் திருமணம் நடந்த நாளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பக்கமாக, இருபது ஆண்டுகளுக்கான ஏடுகளை இருவரும் பார்த்திருக்கிறார்கள். மதிப்பான கத்தோலிக்கக் குடும்பம் அது. பெற்றோரின் கல்யாணத்துக்கு முந்தைய பக்கங்களில் ஒரு பிள்ளையைத் தேடுவது என்ற எண்ணமே அவர்களுக்கு வந்ததில்லை. அப்படித் தேடினால் எதை ஒப்புக்கொண்டதாக ஆகும் என்ற பயம் வேறு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், பங்கு அலுவலகத்தில், கையில் இருந்த ஏட்டை அமலி பின்னோக்கிப் புரட்டினார்.

திருமணத்துக்கு ஆறு ஆண்டுகள் முந்தைய பக்கத்தில் அந்தோணி இருந்தான். தந்தை சவரிமுத்து, மீன் பிடிப்பவர். தாய் மதலேனாள். அதற்குப் பிறகு இறப்பு ஏட்டில் சவரிமுத்து, கடலில் போனவர், உடல் கிடைக்கவில்லை. பிறகு, புராட்டஸ்டண்டாக இருந்த அந்தச் சிப்பாயைக் கத்தோலிக்கராக ஏற்றுக்கொண்ட குறிப்பு. அடுத்த வாரம் திருமணம்: சவரிமுத்துவின் விதவை மதலேனாளுக்கும் மெக்ளின்டாக்குக்கும். சேவியர் வீட்டுச் சட்டத்துக்குள் இருந்த நகலிலும் ‘சவரிமுத்துவின் விதவை’ என்றுதான் லத்தீனில் இருந்தது. அத்தனை ஆண்டுகள் கூடத்தில் தொங்கியும் அந்த இரண்டு சொற்களை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆக, ஆர்கைலிலிருந்து டோனகலுக்கும் டோனகலிலிருந்து சென்னைக்கும் வந்தது பெயர் மட்டும்தான். அதைச் சுமந்தவர்கள் பட்டினப்பாக்கத்து மீனவரின் பிள்ளைகள்.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு என்னையும் வரச் சொன்னார். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றியதும், மூத்தவர் ஒருவர் அங்கே அடங்கியவர்களின் பெயர்களை வரிசையாக வாசிப்பார். அன்று மூத்தவர் அமலி. சிப்பாயின் பெயரிலிருந்து தொடங்குவதற்குப் பதிலாக, “சவரிமுத்து,” என்றார். “கடல்ல போனவரு. இங்க இல்ல. ஆனா இவருதான் மொதல்ல.”

சேவியரின் கையில் மெழுகுவத்தி இருந்தது. “யாருக்கா அது?”

“நம்ம தாத்தாவுக்குத் தாத்தாடா.”

“நாலு பேர் முன்னாடி நம்மளை மீன்காரன் பரம்பரைன்னு சொல்றியா?”

“நான் சொல்லல. கோயில் புத்தகம் சொல்லுது.”

“எம்பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா. அறிவிருக்கா உனக்கு?”

“சவரிமுத்துன்னா ஓடிப் போற வரன் உனக்கு எதுக்குடா? பேரைக் கேட்டு வர்றவனா, பொண்ணைக் கேட்டு வர்றவனா?”

சேவியர் மெழுகுவத்தியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். அத்தோடு பேச்சு முறிந்தது. அமலி மீதிப் பெயர்களையும் வாசித்து முடித்தார். பிறகு நான் லூர்துவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு மீனின் செதிலைச் சுரண்டியபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “இதுல இன்னா மேடம் கீது? புருசன் கடல்ல பூட்டான். புள்ளைக்கு ஒருத்தன் சோறு போட்டான். அவன் பேரு வெச்சா இன்னா, இவன் பேரு வெச்சா இன்னா? சோறு போட்டவன அப்பன்னுதான் சொல்லும் புள்ள.”

கல்லறைக் கல்லில் சவரிமுத்துவின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று அமலி பங்குத்தந்தைக்கு எழுதிக் கொடுத்தார். ‘சவரிமுத்து, மீனவர், கடலில் மறைந்தவர்’ என்று ஒரே வரி. கல்லறை அவர் பெயரிலும் தம்பி பெயரிலும் இருந்தது. தம்பி எதிர்த்தார். பதிவுகளைச் சரியாகத்தான் படித்திருக்கிறார் என்று சரித்திரம் படித்த ஒருவர் எழுதித் தந்தால் அனுமதிப்பேன் என்றார் பங்குத்தந்தை. அமலி என்னிடம் வந்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. ஞானஸ்நானம் பெற்ற அந்தோணியும், பின்னாளில் அந்தோணி மெக்ளின்டாக் என்று மணம் முடித்தவரும் ஒருவரே என்பதற்கு நேரடிச் சான்று இல்லை என்றேன். தாயின் பெயர் பொருந்துகிறது, வயது பொருந்துகிறது, அவ்வளவுதான். அந்தக் கரையில் வீட்டுக்கு ஓர் அந்தோணி உண்டு என்றேன். கையெழுத்திடாமல் நான் எழுதி வைத்திருந்த கடித வரைவை வாங்கிப் பென்சிலால் திருத்தினார். ‘உறுதியாக’ என்ற சொல்லை அடித்தார். “உறுதின்னு உன்னைச் சொல்லச் சொல்லலியே. இருக்கறதை இருக்குன்னு சொல்லு. இல்லாததை இல்லைன்னு எழுது. கீழே கையெழுத்துப் போடு. உனக்கு என்ன பயம்?” யோசிக்கிறேன் என்றேன். இரண்டு ஆண்டுகள் யோசித்தேன்.

அன்றுதான் கடைசி முறையாக அந்தக் கேள்வியையும் கேட்டேன். இவ்வளவு தெரிந்த பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாமே?

“எதுக்கு மாத்தணும்? நாங்க திருடலியே. மதலேனாளைக் கட்டறதுக்கு அவன் சாமியையே மாத்திக்கிட்டான். குடுத்த பேரை நான் தூக்கிப் போடறதா? அவன் குடுத்ததும் இருக்கட்டும், சவரிமுத்து பெத்ததும் இருக்கட்டும். ஒண்ணைச் சொல்லணும்னா இன்னொண்ணை ஏன் மறைக்கணும்?”

அடக்கத்தன்று தெருமுனையில் வைத்த பதாகையில் அவர் படத்துக்குக் கீழே ‘ஸ்காட்லாந்து மெக்ளின்டாக் வம்சத்தின் செல்வமகள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். இணையத்தில் வாங்கிய அந்தச் சின்னமும் ஒரு மூலையில் இருந்தது. கல்லூரியிலிருந்து வந்தவர்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தால் என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். எனக்கு இருந்தது கோபம், அதில் பெரும்பகுதி என் மேல்.

முப்பதாம் நாள் திருப்பலி ஒரு வியாழக்கிழமை மாலை. அது முடிந்ததும் பங்குத்தந்தையிடம் என் கடிதத்தைக் கொடுத்தேன். பதிவேடுகளில் இருப்பது இது, இல்லாதது இது, இரண்டையும் வைத்துப் பார்த்தால் சவரிமுத்து இந்தக் குடும்பத்தின் மூதாதை என்பதே மிகவும் பொருந்துகிற முடிவு என்று எழுதி, பட்டங்களோடு கையெழுத்துப் போட்டிருந்தேன். சேவியர் அருகில் நின்றார். “நீங்க வெளியாள். இதுல உங்களுக்கு என்ன வேலை?” என்றார். உங்கள் அக்கா கேட்ட வேலை என்றேன். தாமதமாகச் செய்கிறேன் என்றும் சொன்னேன். பங்குத்தந்தை இரண்டு முறை படித்துவிட்டு, அமலியின் பழைய விண்ணப்பத்தின் மேல் அனுமதி எழுதினார்.

அமலியை நல்ல மனுஷி, கடமை தவறாதவர் என்றெல்லாம் இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். உண்மைதான். ஆனால் அவரைச் சாதுவாக்கிவிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொந்த வீட்டின் கதையை எல்லோர் முன்னிலும் திருத்தி, அதற்கான விலையாக மூன்று கிறிஸ்துமஸைத் தனியாகக் கழித்தவர் அவர். ஒரு முறையும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு தாள்: பென்சிலால் அடித்துத் திருத்திய என் வரைவு. இனி எந்தச் சான்றைப் படித்தாலும், எனக்குத் தயக்கம் சான்றின் மேலா, கையெழுத்துப் போடுவதன் மேலா என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்குக் கல் வெட்டுபவர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். லூர்து கடையை மருமகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். சிறிது நேரத்தில் சேவியரும் வந்தார். வேலையை நிறுத்தச் சொன்னார். “ஃபாதர் கையெழுத்து இருக்குது சார்,” என்று சொல்லிவிட்டுக் கல் வெட்டுபவர் உளியை எடுத்தார். “வெயில்ல ஏன் நைனா நிக்கிற, இப்டி நெழலாண்ட வா,” என்றார் லூர்து. சேவியர் நகரவில்லை. சிப்பாயின் பெயருக்கு மேலே இருந்த குறுகிய இடத்தில் அந்த ஒரு வரியை வெட்டி முடிக்கப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. தூசியைத் தட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் சேவியர் கிட்டே வந்து, குனிந்து, படித்தார்.

“எழுத்து சின்னதா இருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.