பெயரில்லாத பதினோரு குழாய்கள்

தூரிகை நுனி ஒரு ஈயைப் புரட்டியது. ஆண். இடப்பக்கம் தள்ளியது. அடுத்தது, வயிற்றில் பிறவிக் கரும்புள்ளி இன்னும் மறையாத பெண், ஆணோடு சேராதது. வலப்பக்கம். வெள்ளைத் தட்டின் அடியிலிருந்து வாயு மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. அது வந்துகொண்டிருக்கும்வரை ஈக்கள் மயங்கிக் கிடக்கும். நேரம் கூடினால் எழுந்திருக்கவே மாட்டா. அதனால் கைகள் பதறவும் இல்லை, அசரவும் இல்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கை ஒரு கண்ணாடிக் குழாயைச் சாய்த்துப் பிடித்தது. வலது கை ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அதன் சுவரில் உதிர்த்துவிட்டுப் பஞ்சால் அடைத்துப் படுக்கவைத்தது. நிமிர்த்தி வைத்தால் மயக்கத்தில் இருக்கும் ஈ அடியிலுள்ள உணவுக் கூழில் ஒட்டிச் செத்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஈக்காரி என்று பெயர். ஊரில் ஈ ஓட்டுகிறவர்கள் பலர் இருக்க, அதற்கு டாக்டர் பட்டம் வாங்கப்போகிறவள் நீ ஒருத்திதான் என்று விடுதித் தோழிகள் சொல்வார்கள். அம்மாவோ உறவினர்களிடம் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். அதன் பலனாக அவ்வப்போது சித்தப்பா போனில் வந்து முழங்கால் வலியை விவரிப்பார். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல டாக்டரா பாருங்க சித்தப்பா" என்பாள்.

அவள் வளர்த்தது தூங்காத ஈ. மற்ற ஈக்கள் இரவில் ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும்போது இந்த வம்சம் நடந்துகொண்டே இருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி அதை உருவாக்க நாலு வருஷம் பிடித்தது. பார்வைக்கு எல்லா ஈயும் ஒன்றுதான். எது தூங்காதது என்பதைக் குழாயில் ஒட்டிய பெயர்ச்சீட்டு ஒன்றே சொல்லும். இப்போது அவள் முன்னால் பதினோரு குழாய்கள் இருந்தன. ஒன்றில்கூடச் சீட்டு இல்லை. அவற்றில் அவளுடைய வம்சம் இருந்தால் ஆய்வேடு உண்டு. இல்லையென்றால் நாலு வருஷமும் போனது போனதுதான். மறுபடி உருவாக்க அவகாசம் கிடையாது.

இதெல்லாம் வேலைநிறுத்தத்தில் வந்த வினை. நிர்வாகம் துப்புரவுப் பணியாளர்களை ஒரே காலையில் வீட்டுக்கு அனுப்பியது. ஆய்வு மாணவர் சங்கம் எல்லா ஆய்வுக்கூடங்களையும் பூட்டி, வாசலில் உட்கார்ந்தது. ஈக்காரி போராட்டக் குழுவில் இருந்தாள். உள்ளே உயிருள்ளவை இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன வழி என்று கேள்வி வந்தபோது அவள்தான் எழுந்து பேசினாள்.

"எலிக்கும் மீனுக்கும் பாஸ் கொடுக்கலாம். அதோட நிறுத்திக்கணும். இல்லன்னா நாளைக்குத் தயிர்ல ஆராய்ச்சி பண்றவர் வந்து, என் தயிர் புளிக்குதுன்னு நிப்பார்."

எல்லோரும் சிரித்தார்கள். சங்கச் செயலாளர் கேட்டார்: "அப்போ உங்க ஈ, தோழர்?"

"செத்தா சாகட்டும்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. அதற்குப் பிறகு ஊர்வலங்களில் அவளே முன்னால் நின்று கோஷம் சொன்னாள். அவள் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

அவளுடைய கூடத்திலேயே இன்னொருவன் இருந்தான். ஓராண்டு மூத்தவன். ஈக்களின் முதுமையை ஆராய்கிறவன். சங்கம், நிர்வாகம் இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்திருந்தான். ஜெனரேட்டர் அறைப் பக்கமுள்ள கதவு வழியாக அவன் வெளியே வருவதை ஒரு காலையில் அவள் பார்த்துவிட்டாள். சட்டைக் கையில் ஈக்கூழ் ஒட்டியிருந்தது. அன்று மாலைக் கோஷத்திலேயே அவன் கருங்காலி ஆகிவிட்டான். அந்தப் பெயர் அப்படியே நின்றது. உணவுக்கூடத்தில் தட்டு நீட்டினால் பரிமாறுகிறவர்கூட, "கருங்காலி சார், இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றார், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்.

வேலைநிறுத்தம் வெற்றி என்று அறிவிக்கப்பட்டு முடிந்தது. பணியாளர்களில் பாதிப்பேரை வேறொரு ஒப்பந்தக்காரர் மூலம் திரும்ப எடுத்தார்கள். செயலாளருக்கு நிர்வாகத்தின் நலக்குழுவில் ஓர் இடம் கிடைத்தது.

ஈக்காரி கூடத்துக்குத் திரும்பியபோது பூஞ்சை நாற்றத்துக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டுதான் போனாள். நாற்றம் இருந்தது. அவள் குழாய்களில் கூழ் காய்ந்து, சாம்பல் நிறத்தில் முடி முளைத்திருந்தது. ஆனால் செத்த ஈ ஒன்றுகூட இல்லை. கருங்காலி வளர்ப்புப் பெட்டியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து அவள் மேஜையில் வைத்தான். பதினோரு குழாய்கள், புதுக் கூழ், சுவரெல்லாம் ஈ.

"யாரோடது?"

"உன்னோடதுதான். என்னோடதுக்குக் கூழ் மாத்தினேன். பக்கத்துலயே இது செத்துட்டு இருந்துச்சு. எனக்கும் உன் வம்சம் ஒரு கலப்புக்கு வேணும்."

"பேர் எழுதலையா?"

"எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தாழ்வாரத்துல உன் குரல் கேட்டுச்சு. லைட்டை அணைச்சுட்டு மேஜைக்கு அடியில போயிட்டேன். எது என்னோடது, எது உன்னோடதுன்னு தெரியாம இருட்டுல கைக்கு வந்ததைப் பெட்டியில போட்டேன்."

"என்ன கோஷம் அது?"

"என்னைப் பத்தினதுதான். எதுகை நல்லா இருந்துச்சு."

அவள் நன்றி சொல்லவில்லை. அவனும் அதற்காக நிற்கவில்லை. நெறியாளரான மேடம் பெட்டியைப் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கு, சந்தோஷப்படு. சோதிக்காம ஒரு வரி எழுதிடாதே" என்று சொல்லிப் போனார்.

மறுநாளே செயலாளர் ஆளனுப்பினார். அவருடைய ஆய்வுக்கூடம் மேல்மாடியில், தாவரப் பிரிவில். பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வரப்போகிறதாம். கருங்காலியை விடுதியிலிருந்து வெளியேற்றப் பரிந்துரை.

"நலக்குழுவுல இப்போ நாமளும் இருக்கோம், தோழர். சொன்னா நடக்கும். கண்ணால பார்த்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க எழுந்து சொன்னா போதும்."

அவள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் விரல் உயரத்துக்கு ஒரு கன்று, தளதளவென்று. அடியிலிருந்த கூழ் தெளிவாக, சுருங்காமல் இருந்தது. செடியை அறியாதவளுக்கும் கூழைத் தெரியும். கூடம் பூட்டிக் கிடந்த நாட்களிலேயே யாரோ அதை மாற்றியிருக்க வேண்டும்.

"இதை யார் மாத்தினாங்க, தோழர்?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் மாறவில்லை. "ஜூனியருங்க. ஆர்வக்கோளாறு. நான் போங்கன்னும் சொல்லல, போகாதீங்கன்னும் சொல்லல."

"குழுவுல சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல" என்றார் செயலாளர், ஒரு கணக்கை முடித்தவர் போல. "செடிதானே, தோழர். அது வாயைத் திறக்காது."

பொதுக்குழு உணவுக்கூடத்தில் கூடியது. அவள் முறை வந்தபோது எழுந்தாள். மேடைக்கென்று வைத்திருக்கும் குரல் வரவில்லை. காய்கறிக் கடையில் பேசுகிற குரல்தான் வந்தது.

"அவன் உள்ளே போனதைப் பார்த்தேன், உண்மைதான். ஆனா அவன் கொடுத்த கூழைத் தின்னது என் ஈ. அதனால தீர்மானத்துல என் பேரையும் சேர்த்துக்கங்க. மேல்மாடியில செடிக்குக் கூழ் மாத்தினவங்க பேரையும் சேர்த்துக்கங்க. எல்லாரும் ஒண்ணாவே விடுதியை விட்டுப் போறோம்."

சொல்லிவிட்டு, கூச்சலுக்காகக் காத்து நின்றாள். கருங்காலி என்று யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் கத்தவில்லை. பின்வரிசையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார். செயலாளர் தாளைப் புரட்டினார்.

"இதுல சில தனிப்பட்ட விஷயங்கள் கலந்திருக்கு. தள்ளி வைக்கலாம். அடுத்த பொருள், நன்றி அறிவிப்பு ஊர்வலம்."

ஊர்வலத்துக்கு நாள் குறித்தார்கள். எந்த வாசலில் தொடங்குவது என்று நெடுநேரம் பேசினார்கள். அவள் உட்கார்ந்து முழுதும் கேட்டாள். கோபம் வந்தால் தேவலை போல இருந்தது, அது வரவில்லை. அதற்குப் பிறகு அவள் குழுக்கூட்டங்களுக்குப் போகவில்லை. விலகல் கடிதமும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கூடம் பெருக்கும் அக்கா வேறு நிறச் சீருடையில் திரும்பி வந்திருந்தார்.

"வேலை வந்துடுச்சாக்கா?"

"எனக்கு வந்துச்சு. நாத்தனாருக்கு வரல. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவ என்கிட்ட பேசுறதில்ல." விளக்குமாற்றை மேஜைக்கு அடியில் விட்டார். "காலைத் தூக்கு கண்ணு."

அவள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

சோதனை நடந்தது. பெருவிரல் நீளமுள்ள மெல்லிய கண்ணாடிக் குழல்கள். ஒன்றுக்கு ஒரு ஈ. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கீற்று ஒன்று உண்டு. ஈ அதைக் கடக்கும்போதெல்லாம் கருவி குறித்துக்கொள்ளும். காலையில் வந்து பார்த்தால் இரவெல்லாம் யார் நடந்தார், யார் படுத்தார் என்று தெரியும். ஒன்பது குழாய்களின் ஈக்கள் நிம்மதியாகத் தூங்கின. நாலாவதும் ஒன்பதாவதும் தூங்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாலாவது குழாயில் நெரிசல் அதிகம். பசித்த ஈயும் தூங்காது. இருட்டில் இரண்டு வம்சம் கலந்திருக்கவும் கூடும். ஆகவே ஜோடி ஜோடியாகப் பிரித்து, வயிறு நிறையப் போட்டு, பிள்ளைகளைச் சோதித்தாள். பிறகு பேரப்பிள்ளைகளை.

அந்த நாட்களில் ஒன்றில் தாழ்வாரத்தில் கோஷம் கேட்டது. புதுக் குரல், வார்த்தையின் கடைசியில் மூச்சு வாங்கியது. கருங்காலி நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தான்.

"நல்லா சொல்றாளா?"

"அவசரப்படுறா" என்றாள் ஈக்காரி. தூரிகை நிற்கவில்லை. கோஷம் படியிறங்கிப் போயிற்று.

நாலாவதின் பிள்ளைகள் அடித்துப்போட்டாற்போல் தூங்கின. ஒன்பதாவதின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ராத்திரி முழுக்க நடந்தன. அந்தத் தாளை மேடம் இரண்டு தடவை பார்த்தார். "இனி எழுது" என்றார்.

அன்று மத்தியானம் ஒன்பதாவதிலிருந்து மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று கூடத்துச் சேமிப்புக்கு, ஒன்று தனக்கு. மூன்றாவதில் ஈக்கள் மயக்கம் தெளிந்து எழும்வரை காத்திருந்து, குழாயை நிமிர்த்தினாள். வம்சத்தின் பெயர், தேதி, தலைமுறை, தன் முதலெழுத்து எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டாள். எழுந்து கருங்காலியின் மேஜைக்குப் போனாள்.

"உன் கலப்புக்கு."

"இதேதானா?"

"இதேதான். ரெண்டு தலைமுறை பார்த்துட்டேன்."

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். அவள் குழாயை அதில் வைத்தாள்.