நாலு மூலைப் பசை

ஒட்டிய பட்டியல் சுவரை விட்டு வரவில்லை. நான் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் உதவி வேளாண்மை அலுவலர். அந்த வருடம் அறுவடை நேரத்து மழையில் நெல் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. நிவாரணம் யார் யாருக்கு என்ற பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஏழு நாள் ஒட்டிவைக்க வேண்டும். ஆட்சேபனை கேட்ட பிறகுதான் பணம் போகும். விதி அது. நாங்கள் செய்தது வேறு. நாலு மூலையில் பசையைத் தொட்டு ஒட்டுவோம், செல்போனில் போட்டோ எடுப்போம், உடனே பிரித்து மடித்துப் பையில் வைத்துக்கொள்வோம். போட்டோ ரிப்போர்ட்டில் சேர்ந்துவிடும், ஊரில் சண்டையும் வராது. எனக்கு முன்னால் இருந்தவர் காட்டிய வழி. நானும் கூசாமல் செய்தேன்.

மைதா காய்ச்சி ஒட்டுவது பேச்சியம்மாள், ஆபீஸைப் பெருக்குகிறவர். அன்று போட்டோ எடுத்துவிட்டு, "பிரிச்சிரும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

"வராது சார். முழுசா தடவிட்டேன்."

நகத்தால் சுரண்டினேன். துணுக்கு துணுக்காகத்தான் வந்தது. "ஏம்மா இப்படிப் பண்ணின?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல சார். நீங்க மடிச்சு வச்சிட்டா நான் யாருகிட்டக் காட்டிக் கேக்க? எம்பேரு இருக்கான்னு நாலு பேரு படிச்சுச் சொல்லட்டும்னுதான்."

அவர் பெயர் இல்லை. ராணுவத்தில் இருக்கிற ஒருவரின் ஒரு ஏக்கரை வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பிடித்து, ஆபீஸைப் பெருக்கிவிட்டு அங்கே போய்ப் பாடுபடுகிறவர் பேச்சி. நான் வயலுக்குப் போகவே இல்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, பட்டாவில் இருந்த ராணுவக்காரர் பெயரை எழுதி, 'நேரில் பார்வையிட்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பேச்சியின் ஞாபகம் அப்போது வரவில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பெரிய தண்டனைக்கான 17-பி நோட்டீஸ் வந்தால் விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் இழுத்துக்கொண்டு கிடக்கும். மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். "முகம் ஏன் இப்படிக் கெடக்கு?" என்று வீட்டுக்காரி கேட்டாள். பிரஷர் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் சுவருக்கு முன்னால் கூட்டம். "பட்டாளத்துக்காரரு எப்ப லீவுல வந்து நாத்து நட்டாரு?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பேச்சி விளக்குமாற்றோடு ஒதுங்கி நின்றார். "எம்பேரு இல்லையாமே சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

தனியாகப் போய் நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன். சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். "பாடுபட்டது அவிய. எனக்கு எதுக்கு சார்? எழுதிக் குடுக்கணும்னா சொல்லுங்க, அனுப்பிருதேன்" என்றார். இரண்டு நிமிடப் பேச்சு. அந்த இரண்டு நிமிடத்தை நான் முன்பே செலவழித்திருக்கலாம்.

தப்பு என்னுடையது என்று எழுதிக்கொண்டு ராஜபாளையத்தில் இருந்த மேலதிகாரியிடம் போனேன். "எட்டு மாசத்தக் கம்முனு ஓட்டத் தெரியலையேய்யா உமக்கு" என்றார்.

"செவத்துல இருக்கு சார். ஊரே படிச்சிருச்சு."

சிறிய தண்டனையோடு விட்டார்கள். ஆனால் அந்த உத்தரவு கைக்கு வரும்வரை தபாலைப் பார்த்தாலே எனக்குப் பக்கென்றது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பட்டியலை உடனே பிரித்துவிடலாம் என்று தெரிந்தால் கை எதை வேண்டுமானாலும் எழுதும்.

திருத்திய பட்டியலை ஒட்டப் போனபோது பேச்சி பசை வாளியோடு காத்திருந்தார். அவர் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவரும் அந்த வரியை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு காகிதத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"நாலு மூலைக்கு மட்டுமா சார்?"

"முழுசா தடவும்மா" என்றேன்.