முகம் தெரிந்துபோன மஹ்ரூஸ்

மஹ்ரூஸ் முந்நூற்றுப் பதினோரு படங்களில் நடித்திருந்தார். ஒன்றிலும் அவருக்கு வசனம் கிடையாது. ஆனால் பேசாமல் இருந்ததும் இல்லை. காபிக் கடைக் காட்சியில் கதாநாயகன் காதலைச் சொல்லும்போது பின்மேசையில் இரண்டு பேர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருப்பார்களே, அவர்களில் ஒருவர் மஹ்ரூஸ். உதடு அசையும், புருவம் ஏறும், கை விலை பேசும். தொண்டையிலிருந்து மட்டும் காற்றுகூட வராது. வந்தால் கதாநாயகனின் குரலோடு கலந்து காட்சியே வீணாகிவிடும். முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவரால் ஒரு காட்சி வீணானதில்லை.

கெய்ரோவில் தௌஃபிக்கியா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. துணை நடிகர்கள் காலை ஏழு மணிக்கே அங்கே கூடிவிடுவார்கள். அவர்களைப் படப்பிடிப்புக்குக் கூட்டிப்போகும் ஏஜென்ட் தஸூகி, எல்லோருக்கும் ‘ரயீஸ்’, அதாவது தலைவர், அவித்த ஃபூல் பயறும் ரொட்டியும் தின்றுகொண்டே ஆள் பொறுக்குவார். விரல் நீண்டால் வேலை. நீளாவிட்டால் இன்னொரு தேநீர். மஹ்ரூஸை நோக்கி அது நீளாத நாள் அபூர்வம். எல்லாம் அவர் முகத்தின் தயவு. பார்த்த மறுநிமிடமே மறந்துபோகிற முகம். ஒரே படத்தில் இடைவேளைக்கு முன் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பார், பின்னால் அதே நீதிபதியின் ஜனாஸா ஊர்வலத்தில் நடப்பார். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் நதிக்கரை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். அந்த ஆண்டு விழாக்குழுவுக்குத் திடீரென ஓர் ஆசை: பெயர் தெரியாத ஒரு துணை நடிகருக்குக் கௌரவ விருது கொடுக்க வேண்டும். ரயீஸிடம் போனில் கேட்டார்கள். தொடக்க நாளிலும் நிறைவு நாளிலும் காலி இருக்கைகளை நிரப்ப அவர்களுக்கு ஆள் அனுப்புகிறவர் அவர்தான். மறுக்க முடியுமா? மஹ்ரூஸின் பெயரைச் சொல்லிவிட்டார்.

“மஹ்ரூஸண்ணே, உங்களுக்குக் கௌரவ விருதாம்” என்றார் ரயீஸ்.

“ஏன்? டாக்டர் ஏதாச்சும் சொன்னாரா?” என்றார் மஹ்ரூஸ். அந்த விருதை வாங்கிய பெரியவர்கள் மறு வருட விழாவுக்கு உயிரோடு வருவது வழக்கமில்லை.

பின்மேசைக் காட்சிகளில் அவருக்கு எதிரே உட்கார்கிற ஸகி சிரிக்கவில்லை.

“நல்லா யோசிச்சுக்கப்பா. நம்ம பொழப்பே மூஞ்சி தெரியாம இருக்கறதுதான். ஃபாயிஸ் சோப்பு விளம்பரத்துல ஒரே ஒரு தடவ சிரிச்சான். அப்புறம் எந்த டைரக்டரும் அவன கூட்டத்துலகூட நிக்க விடல. ‘ஐயோ, சோப்புக்காரன்’னு ஓடுறானுங்க.”

“என் மூஞ்சிய எவன் ஞாபகம் வெச்சுக்கப் போறான்?”

“விருது குடுக்கற மினிஸ்டர் பக்கத்துல நின்னா எந்த மூஞ்சியும் தெரியும்.”

வீட்டில் மனைவி இன்சாஃப் முடிவெடுத்துவிட்டாள். “சமீரா அப்பா, கல்யாணமான நாள்லேருந்து உங்கள டிவியில தேடித்தேடி என் கண்ணே பூத்துப்போச்சு. ‘அதோ அந்தத் தூணுக்குப் பின்னாடி’ன்னு சொல்வீங்க. பாக்குறதுக்குள்ள ஆளு போயிடும். ஒரு நாளாவது தூணுக்கு முன்னாடி நில்லுங்க.”

நின்றார். நிறைவு விழாவில் அமைச்சர் விருதான தங்க நாணல் சிலையைக் கையில் கொடுத்தார். தொகுப்பாளினி ஒலிவாங்கியை நீட்டினாள். எதிரே கேமரா. தலைக்கு மேலே விளக்கு. “இத்தனை வருஷம் பேசாத நீங்க, இன்னைக்கு எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுங்க!”

மஹ்ரூஸ் பேசினார். இறைவனுக்கு நன்றி சொன்னார். ரயீஸுக்கு, இன்சாஃபுக்கு, ஸகிக்கு, காபிக் கடைக்காரருக்குக்கூடச் சொன்னார். உதடு அசைந்தது, புருவம் ஏறியது, கை நெஞ்சைத் தொட்டது. சத்தம் வரவில்லை. விளக்கும் கேமராவும் ஒன்றாகத் தன்மேல் விழுந்தால் தொண்டையைப் பூட்டிக்கொள்வது அவருக்குக் கண் இமைப்பதைப் போல ஆகியிருந்தது. பூட்டியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

முதல் வரிசையில் ஒரு நடிகை விசும்பினாள். “உணர்ச்சியில குரலே போயிடுச்சு பாவம்” என்று யாரோ சொல்ல, அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. இருக்கைகளை நிரப்ப வந்தவர்கள், ரயீஸ் சைகை காட்டுவதற்கு முன்பே தட்டினார்கள். சிறந்த படத்துக்கு விருது வாங்கிய பெல்ஜியக்காரருக்குக்கூட அதில் பாதிதான் கிடைத்தது. ஒலிப்பொறியாளர் மட்டும் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு தன் வேலை போயிற்று என்று வெளிறிப்போய் நின்றார்.

மறுநாள் நாட்டிலுள்ள எல்லா போன்களிலும் மஹ்ரூஸ் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

ரயீஸ் ஒரே ஒருமுறை துணிந்து அவரைப் பஸ் நிறுத்தக் காட்சிக்குக் கூட்டிப்போனார். வேடிக்கை பார்த்த கூட்டம் கதாநாயகியை விட்டுவிட்டு, “ஹாஜி, இப்பவாவது பேசுங்க!” என்று கத்தியது. இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“மூஞ்சி கொஞ்சம் ஆறட்டும் அண்ணே” என்றார் ரயீஸ்.

“எத்தனை நாளுக்கு ரயீஸே?”

“எனக்கென்ன தெரியும்? இதுக்கு முன்னாடி யாரும் இவ்ளோ சூடானதில்ல.”

மஹ்ரூஸ் மீசையை எடுத்துப் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரர் தூரத்திலிருந்தே, “மீசை இல்லாட்டியும் அழகாத்தான் இருக்கீங்க, கலைஞரே!” என்றார். டிசம்பர் போனது, ஜனவரி போனது. விரல் ஸகி வரை வந்து நின்றது. சிலை குளிர்பெட்டியின் மேல் இருந்தது. இன்சாஃப் அதைத் தினமும் துடைத்தாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே, “சமீரா அப்பா, தூணே பரவாயில்லையோ?” என்றாள்.

மார்ச்சில் ஸ்டூடியோவுக்குள் ரயில் நிலையக் காட்சி. இருநூறு பேர் வேண்டும். ஆள் போதாமல் ரயீஸ் அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டார். “தலையக் குனிஞ்சுக்கிட்டே இருங்கண்ணே.”

குனிந்துகொண்டேதான் இருந்தார். ஆனால் பெஞ்சு பெஞ்சாக ஆள் உட்கார வைத்துக்கொண்டிருந்த உதவி இயக்குநர்ப் பெண் அவர் முன்னால் நின்றுவிட்டாள்.

“கொஞ்சம் நிமிருங்க. உங்கள எங்கயோ பாத்திருக்கேனே?”

மஹ்ரூஸ் மெல்ல நிமிர்ந்தார். ஸகி பார்வையைத் திருப்பிக்கொண்டான். ரயீஸ் வாசல் பக்கம் போய்விட்டார்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். விரலைச் சொடுக்கினாள். “ஆங்! எங்க தெருவுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற ஆளுதானே நீங்க?”

“ஆமாம்மா” என்றார் மஹ்ரூஸ்.

“அதானே பாத்தேன். ரெண்டு வாரமா வரவே இல்லையே? எங்கம்மா திட்டிக்கிட்டே இருக்காங்க.”

“மன்னிச்சுக்கோம்மா. உடம்பு சரியில்ல. வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துடறேன்.”

“சரி, அந்த மூணாவது பெஞ்சுல போய் உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போனாள்.