சில்வா என்று பெயர் வைத்த காரணம்

"அம்மா, சில்வான்னா காடாம். போர்ச்சுகீஸ் வேர்ட். அவங்க சிலோனுக்கு வந்தப்ப வந்த பேராம். ஆனா இது சர்நேம். நீங்க ஏன் எனக்கு இத பேரா வச்சீங்க?"

பள்ளியில் அவரவர் பெயருக்கு அர்த்தம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். பதின்மூன்று வயது மகள் டேப்லெட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"கூட வேலை பார்த்த அக்கா பேருன்னு சொல்லியிருக்கேன்ல."

"அது அவங்க ஃபேமிலி நேம்மா. அவங்க பேரு என்ன?"

நாகஜோதிக்குத் தெரியவில்லை. துபாய்ப் பக்கம் புஜைராவில் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் சில்வா என்று மட்டும்தான் இருந்தது. இரண்டு வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளை அவள் வேறொன்றும் கேட்டதில்லை.

அப்போது நாகஜோதி மூன்று மாதக் கர்ப்பிணி. ஈரத் துணி மூட்டையைத் தூக்கவிடாமல் சில்வாதான் தடுத்தாள். "நீ தேய்க்கிற இடத்துல நில்லு, நான் தூக்குறன்" என்று வேலையை மாற்றிக்கொண்டாள். தலைசுற்றலில் நாகஜோதி ஒரு கணம் கண்ணை மூடினாள். ஹோட்டலிலிருந்து வந்த கல்யாண உடுப்பு இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கருகிப்போனது.

டூட்டி பட்டியலில் அந்த இடத்துக்கு நேரே சில்வாவின் பெயர் இருந்தது. சூப்பர்வைசர் கேட்டபோது நாகஜோதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த கணவன் ஐயப்பனுக்கு அப்போது குடும்ப விசா எடுக்கும் சம்பளம் இல்லை. சில்வா அவள் வயிற்றை ஒருமுறை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளை விமானம் ஏற்றினார்கள்.

பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. இப்போது எல்லாவற்றையும் மகளிடம் சொல்லி முடித்தாள்.

மகள் டேப்லெட்டை மூடி வைத்தாள். பிறகு, "ஸாரி சொன்னீங்களா?" என்றாள்.

சலவைக்கூடத்தில் கூட வேலை பார்த்த புத்தளத்து ரம்ஸியாவிடம் விசாரித்தபோது, சிலாபத்து எண் ஒன்று கிடைத்தது. சில்வாவின் பெயர் நிலாந்தி.

"நிலாந்தி அக்கா" என்று போனில் தொடங்கிய நாகஜோதி அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். பிள்ளைக்கு வைத்த பெயரையும் சொன்னாள்.

"சில்வா என்ட புருஷன்ட பேரு" என்றாள் நிலாந்தி. "அந்தாளுட்ட இருந்து தப்பத்தான் அங்க வந்தன். திரும்பியும் அந்த வீட்டுக்குத்தான் போனன். வெளிய வர ஆறு வருஷம் எடுத்துச்சு."

நாகஜோதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ ஒரு போன் கோல் எடுப்பாய்னு பாத்திட்டே இருந்தன். மன்னிக்கிறத பொறகு பாப்பம். பிள்ளைய குடு."

மகள் போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே பேச்சு நீண்டது. இரண்டு தடவை மகள் சிரிப்பது கேட்டது. நாகஜோதி கதவைத் தட்டவில்லை.