சோடாவைக் குலுக்கக் கூடாது

போன வாரம் ஆலங்குடியில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகிற வழியில் மது சேராத மாக்டெயில் கவுண்டர் போட்டிருந்தார்கள். அங்கிருந்தவர் குலுக்குகிற டப்பாவுக்குள் சோடாவையும் ஊற்றி மூடிக் குலுக்கினார். மூடி பறந்தது. பாதி எலுமிச்சை என் சட்டையில். எல்லோரும் பதறினார்கள், எனக்கோ சிரிப்பு. அந்த வாசனையோடு மணிமாறன் நினைவுக்கு வந்துவிட்டான்.

புதுக்கோட்டையில், பார் வைத்த ஒரு ஹோட்டலில் நான் வரவேற்பில் இருந்த காலம். என்னோடு அங்கே கோகிலாவும் வேலை பார்த்தாள். மணிமாறன் பாரில் காக்டெயில் கலப்பவன். கந்தர்வக்கோட்டைக்காரன், கோவாவில் தொழில் பழகி வந்தவன். கலக்குவதில் என்ன இருக்கிறது, கரண்டியை விட்டுச் சுற்றினால் போச்சு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவனைப் பார்த்த பிறகு அந்த நினைப்பையே விட்டுவிட்டேன். சாறு சேராத மதுவை ஐஸோடு மெல்லச் சுற்றுவான், கண்ணாடி மாதிரித் தெளிந்து நிற்கும். சாறு சேர்ந்தால் குலுக்கல். சோடா கடைசியில், கோப்பையில்தான். புதினாவைக் கசக்க மாட்டான், உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு. கசக்கினால் கசக்குமாம்.

கோகிலாவும் அவனும் விரும்பினார்கள். அவள் அப்பா ஆலங்குடியில் தேங்காய் வியாபாரி, குடியின் வாடையே ஆகாதவர். விஷயம் தெரிந்ததும் ஒரு மத்தியானம் நேராக ஹோட்டலுக்கே வந்து நின்றார்.

"யாருங்க அந்தக் குலுக்குறவரு? பாக்கணும்."

பாருக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். மணிமாறனே இரண்டு கோப்பைகளோடு வரவேற்புக்கு வந்தான். இரண்டிலும் எலுமிச்சை, தேன், இஞ்சிச் சாறு, ஐஸ். ஒன்று கரண்டியால் கலக்கியது, மற்றது குலுக்கியது.

"மது இல்லீங்கய்யா. ரெண்டுலயும் ஒரே சாமான்தான். குடிச்சுப் பாருங்க."

முதலாவதைக் குடித்தார். "புளிக்குது. தேனெல்லாம் அடியிலயில்ல கெடக்கு." இரண்டாவதைக் குடித்தார். நின்று, இன்னொரு மடக்கு. அப்புறம் முழுதும்.

"இது ஒண்ணாச் சேந்திருக்கு. கைவேல நல்லாத்தான் இருக்கு. ஆனா பொண்ணு தரமாட்டேன்."

கோகிலா எழுந்து நின்றாள். "நீங்க தர வேணாம்ப்பா. நானே கட்டிக்கிறேன். நீங்க வந்து நின்னாப் போதும்."

காலிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம். மணிமாறன் தாலியைக் கையில் எடுத்த பிறகும் கோகிலா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மொபெட் சத்தம் கேட்டது. வேர்த்துக் கொட்ட வந்தவர் மகளிடம், "வந்து நின்னுட்டேன், போதுமா?" என்றார். அவள் அழுதுவிட்டாள். மணிமாறன் பாவம், தாலியோடு அப்படியே நின்றான்.

பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் கோகிலாவின் அப்பா ஹோட்டலுக்கு வருவார். பாருக்குள் மட்டும் கடைசிவரை கால் வைக்கவில்லை. வெளிக்கதவு ஓரம் அவருக்கென்று ஒரு நாற்காலி. உள்ளே எத்தனை கூட்டம் இருந்தாலும் மருமகன் தானே அந்த எலுமிச்சைக் கோப்பையை எடுத்து வந்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பான். இருவரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை.

பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மணிமாறனும் கோகிலாவும் கொச்சியில் இருக்கிறார்கள். ஹோட்டலை இடித்துச் செல்போன் ஷோரூம் கட்டிவிட்டார்கள். அந்த நாற்காலி கிடந்த இடத்தில் இப்போது ஆளுயர விளம்பரப் பொம்மை ஒன்று, போவோர் வருவோருக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்கிறது.